பழைய பெட்டியில் புதிய இசை

விஞ்ஞானம் வளர வளர, நேற்று அருமையாகப் போற்றிய பொருள் இன்று மூலைக்குப் போவது உலக வழக்கம். நம் அன்னூர்ப் பகுதியிலும், வீட்டு ஆசாரத்தில் ஓர் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளும் பூவேலைத் துணி போர்த்தப்பட்டு, மேலே பூச்சாடி சுமந்து, ஊமையாக நிற்பதைக் காணலாம். தாத்தாவோ அப்பாவோ பல மாதம் சேமித்து வாங்கியவை அவை. உடன் வந்த கேசட் பிளேயர் பழுதாகிவிட்டது. கேசட் விற்ற கடைகளும் மறைந்துவிட்டன. ஆகவே, "இனி இது எதற்கு? எடைக்குப் போட்டுவிடலாம்" என்ற பேச்சு எழுகிறது. அதற்குப் பதிலாகக் கைக்கடக்கமான ஒரு சிறு ஸ்பீக்கர் வீட்டுக்குள் வருகிறது.

இது சரியான முடிவுதானா? அல்ல என்பதையும், சில நூறு ரூபாய்ச் செலவில் அந்தப் பழைய பெட்டியை இன்றைய இணைய இசையுடன் இணைக்க முடியும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இசை கடக்கும் நான்கு படிகள்

பெட்டியிலிருந்து நம் காதுக்கு வரும் இசை நான்கு படிகளைக் கடக்கிறது. முதற்படி, பாட்டு இருக்கும் இடம்: இசைத்தட்டு, கேசட், குறுந்தகடு அல்லது இணையம். இரண்டாவது, எண்களாகச் சேமிக்கப்பட்ட இசையை மின்அலையாக மாற்றும் சிறு கருவி, இதை 'டி.ஏ.சி.' என்பர். மூன்றாவது, அந்த மெலிந்த மின்அலையை வலுப்படுத்தும் ஆம்ப்ளிஃபையர். நான்காவது, மின்அலைக்கு ஏற்ப அதிர்ந்து காற்றை அசைக்கும் ஸ்பீக்கர்.

இவற்றுள் காலத்தால் பெரிதும் மாறியவை முதல் இரண்டு படிகளே. பின்னிரண்டின் அடிப்படை மாறவில்லை. மிருதங்கத்தின் தொப்பி முழக்கம் போன்ற தாழ்ந்த ஒலியை எழுப்ப நிறையக் காற்றை அசைக்க வேண்டும். அதற்கு அகன்ற கூம்பும் பெரிய மரப்பெட்டியும் தேவை. உள்ளங்கை அளவுள்ள ஸ்பீக்கர் என்னதான் முயன்றாலும் இதில் ஒரு நல்ல பழைய பெட்டிக்கு ஈடாவது கடினம். ஆக, விலை மிகுந்த பாகம் ஏற்கெனவே நம் வீட்டில் இருக்கிறது. குறைவது, விலை குறைந்த பாகம் மட்டுமே.

நல்ல பொருள் எளியோருக்கும் எட்ட வேண்டும் என்ற எண்ணம் நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. கோவையின் விஞ்ஞானி ஜி.டி. நாயுடு அவர்கள், வானொலிப் பெட்டி செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த 1941-ஆம் ஆண்டிலேயே, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரித்துத் தர முடியும் என்று அறிவித்தார். இன்று அதே எண்ணத்துடன் நம் வீட்டுப் பெட்டியை நோக்குவோம்.

இணைய இசை எப்படி வருகிறது?

ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரீமிங்' என்ற சொல்லுக்கு ஓடைபோல் ஓடி வருதல் என்று பொருள். இதனை விளக்க நம் ஊருக்குத் தெரிந்த ஓர் உவமை உண்டு. 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில், பவானி ஆற்றின் உபரி நீர் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து குழாய் வழியே ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்பப்படுகிறது. குழாயில் வரத்து சற்று நின்றாலும் குட்டையில் நீர் இருக்கும். இணைய இசையும் அவ்வாறே. பாட்டு முழுவதும் ஒரே நேரத்தில் வந்து சேருவதில்லை. சிறு சிறு பகுதிகளாக வந்து கருவியின் நினைவகம் என்னும் குட்டையில் நிரம்ப, அங்கிருந்து நாம் கேட்கிறோம். வரத்து நெடுநேரம் தடைப்பட்டால்தான் பாட்டு நிற்கும்.

இனி அளவைப் பார்ப்போம். மனிதச் செவி ஏறத்தாழ நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை உணரும். 1982-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, இதனைக் கருத்தில் கொண்டு ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதிகிறது. அந்தத் தரத்தில் ஒரு மணி நேர இசைக்குச் சுமார் 635 மெகாபைட் ஆகும். அதனைச் சுருக்கி, நொடிக்கு 320 கிலோபிட் வீதம் அனுப்பினால் மணிக்கு 144 மெகாபைட் போதும். அதாவது ஒரு ஜிகாபைட்டில் ஏறத்தாழ ஏழு மணி நேரம் கேட்கலாம். சுருக்கும்போது காது எளிதில் உணராத நுட்பங்கள் விடப்படுகின்றன. மிகவும் சுருக்கினால் வயலினின் இழையும் தாளத்தின் கூர்மையும் மங்கும். நல்ல பெட்டியில் இக்குறை பளிச்செனத் தெரியும். ஆகவே இசைச் செயலியின் அமைப்புகளுக்குச் சென்று, ஒலித்தரத்தை 'உயர்' என்று மாற்றிவைப்பது காசில்லாமல் செய்யக்கூடிய முதல் சீர்திருத்தம்.

இணைக்கும் வழிகள்

முதல் வழி வயர். ஒரு முனையில் செல்போனில் செருகும் ஊசியும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளை நிறச் செருகிகள் இரண்டும் உள்ள வயர் கடைகளில் கிடைக்கும். அதனை ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் 'ஆக்ஸ்' என்று எழுதிய துளைகளில் செருக வேண்டும். செல்போனில் ஊசித்துளை இல்லையெனில், சார்ஜர் துளையில் பொருந்தும் சிறு மாற்றி ஒன்று வாங்கலாம். சில பழைய ஆம்ப்ளிஃபையர்களில் ஐந்து துளைகள் கொண்ட வட்டமான இணைப்பு இருக்கும். அதற்குரிய வயரைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் ஒதுக்கிவைத்த பழைய செல்போன் ஒன்றை இதற்கென்றே பெட்டியருகில் வைத்துவிட்டால், அழைப்பு வந்து பாட்டைக் கலைக்கும் தொல்லையும் இல்லை.

இரண்டாம் வழி புளூடூத் ரிசீவர். வயரின்றிச் சுமார் பத்து மீட்டர் தூரத்திலிருந்து இசையை அனுப்பலாம். வசதியானது, ஆயினும் ஏற்கெனவே சுருக்கப்பட்ட இசை வழியில் மறுமுறையும் சுருக்கப்படுவதால் தரம் சற்றுக் குறையக்கூடும்.

மூன்றாம் வழி வைஃபை. இங்கே ஒரு சிறு பெட்டி இணையத்திலிருந்து இசையைத் தானே பெற்றுக்கொள்கிறது. செல்போன் வெறும் ரிமோட்டாக மட்டும் பயன்படும். தரத்தில் இதுவே சிறந்தது. செலவும் சற்றுக் கூடுதல். அறிவியல் ஆர்வமுள்ள மேல்வகுப்பு மாணவியர், 2012-இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியையும் வால்யூமியோ போன்ற மென்பொருளையும் கொண்டு இப்பெட்டியைத் தாங்களே அமைக்கலாம். கண்காட்சிக்கும் ஏற்ற செயல்திட்டம். கருவியை வாங்கும்போது ஒன்றை நினைவில் கொள்க. கூகுள் நிறுவனம் 2015-இல் இதே பணிக்காக வெளியிட்ட குரோம்காஸ்ட் ஆடியோவின் உற்பத்தி 2019-இல் நின்றுபோனது. நாற்பதாண்டு ஆம்ப்ளிஃபையர் உழைக்கிறது. அதனுடன் இணைக்கும் கருவியோ சில ஆண்டுகளில் மாறிவிடுகிறது. எனவே இணைப்புக் கருவிக்குப் பெருந்தொகை செலவிட வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை

வயரைச் செருகுமுன் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட வேண்டும். 'ஃபோனோ' என்று எழுதிய துளையில் செருகவே கூடாது. அது இசைத்தட்டு ஊசிக்குரியது. அந்த ஊசி தருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. செல்போனும் பிற கருவிகளும் தருவது ஏறத்தாழ ஒரு வோல்ட், அதாவது 200 மடங்கு. அங்கே செருகினால் இசை உடைந்து அலறும், ஸ்பீக்கருக்கும் கேடு. முதலில் ஆம்ப்ளிஃபையரின் ஒலியை முழுவதும் குறைத்து, செல்போனின் ஒலியை முக்கால் பங்கு வைத்து, பிறகு மெல்ல உயர்த்துக. 'உம்' என்ற இரைச்சல் கேட்டால், எல்லாக் கருவிகளையும் ஒரே சுவிட்சுப் பலகையிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். பெட்டியைத் திறப்பது மெக்கானிக்கின் வேலை. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஒலியிலும் அளவு வேண்டும். ஹெட்ஃபோன் போன்ற கருவிகளில் பாட்டுக் கேட்கும் சிறுவர்களுக்கு 75 டெசிபெல் அளவில் வாரம் 40 மணி நேரமே எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்துள்ளது.

எதைக் கேட்பது?

மாதக் கட்டணம் கட்டினால்தான் இசை என்பதில்லை. ஆகாசவாணியின் பல நிலையங்களையும், 2016-இல் தொடங்கிய 'ராகம்' என்ற செவ்வியல் இசை அலைவரிசையையும் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் இலவசமாகக் கேட்கலாம். கட்டணச் சேவையை விரும்புவோர் முறையாகக் கட்டணம் செலுத்தியே கேட்க வேண்டும். திருட்டுப் பதிவு, பாடியவரின் கூலியைப் பறிப்பதாகும்.

நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இதில் ஒரு தனி நன்மை உண்டு. மணிலாவிலிருந்து 1969-இல் ஒலிபரப்பைத் தொடங்கிய வேரித்தாஸ் வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகளைச் சிற்றலையில் தவறாமல் கேட்டுவந்தோர் பலர். 2018-இல் வேரித்தாஸ் சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறியது. ரேடியோவின் முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அந்தக் குரல் கிடைக்காமற்போன வீடுகள் எத்தனையோ! 1931-இல் மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியின் தமிழ்ச் செய்திகளும் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. செல்போனின் சிறு எழுத்துகளும் மெலிந்த ஒலியும் முதியோருக்கு எட்டுவதில்லை. பேத்தி ஒரு வயரைச் செருகி வைத்தால், பாட்டியின் வானொலி அதே பெரிய பெட்டியில் மீண்டும் பேசும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. இணைய இசை வாடகை இசை. கட்டணம் நின்றால் பாட்டும் நிற்கும். கோவில் திருவிழாவில் நம் பாடகர் குழு பாடியதும், மறைந்த தாத்தா பேசியதும் உலகின் எந்தச் சேவையிலும் இல்லை. அவை நம் வீட்டுக் கேசட்டில் மட்டுமே உள்ளன. காந்த நாடா நாளடைவில் கெடும். ஆகவே கேசட் பிளேயரைப் பழுது பார்த்து, ஆம்ப்ளிஃபையரின் 'டேப் அவுட்' துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுக்கு ஒரு வயரை இணைத்து, அவற்றைப் பதிந்து காப்பது அவசரக் கடமை.

அன்புச் சகோதரிகளே! இசையின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள் நவம்பர் 22. அந்நாளுக்குள் உங்கள் வீட்டுப் பெட்டியின் பின்புறத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். 'ஆக்ஸ்' என்ற எழுத்து அங்கே இருக்கிறதா எனத் தேடுங்கள். இருந்தால், பூச்சாடியை வேறிடம் மாற்றி வையுங்கள். முதற்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வீட்டில் மூத்தவருக்குக் கொடுங்கள்.