கோலாலம்பூருக்குக் குடிபெயர்கிறீர்களா?

"அண்ணே, மகனுக்குக் கே.எல்.லில் வேலை கிடைச்சிருக்கு. எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?"

சுங்கை சிப்புட், தைப்பிங், தெலுக் இந்தான், சுங்கை பட்டாணி என்று ஏதாவது ஓர் ஊரிலிருந்து ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது இந்தக் கேள்வி எனக்கு வந்துவிடுகிறது. நானும் ஈப்போவிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு வந்தவன்தான். வந்த பிறகு மூன்று முறை வீடு மாறியாயிற்று. அதனால் சொந்தபந்தங்கள் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஊர் மாறுவது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டபோது நம் பெற்றோரும் தாத்தா பாட்டியும் மூட்டை முடிச்சோடு பட்டணத்து ஓரங்களுக்கு வந்தார்கள். விசாரிக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, ஆளும் இல்லை. கிடைத்த இடத்தில் கொட்டகை போட்டுக் குடியேறினார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த நெருக்கடி இல்லை. புறப்படும் முன் ஒரு மாதம் எடுத்துக்கொண்டு விசாரிக்கலாம். என்னென்ன விசாரிக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் பணக் கணக்கு

வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம். உண்மையில், சாவியைக் கையில் வாங்குவதற்குள் மூன்றரை மாத வாடகை போய்விடும். இங்குள்ள வழக்கப்படி இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத வாடகை வைப்புத்தொகை, முதல் மாத வாடகை முன்பணம். வாடகை 1,500 வெள்ளி என்றால் 3,000, 750, 1,500 என மொத்தம் 5,250 வெள்ளி. இதற்கு மேல் ஒப்பந்தச் செலவு, முத்திரை வரி, லாரி வாடகை, மின்விசிறி, அடுப்பு என்று வரிசையாக வரும்.

முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். அதுவரை சாப்பாடும் பயணமும் கையிருப்பிலிருந்துதான். தனியாக வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது: முதல் மூன்று மாதம் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்குங்கள். வேலையும் வட்டாரமும் பிடிபட்ட பிறகு வீடு பாருங்கள். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு நான்காம் மாதம் வேலை மாறினால் வைப்புத்தொகையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்காதீர்கள்

ஊரிலிருந்து வருபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வசதி. ஆனால் அன்று சாலை காலியாக இருக்கும். பூச்சோங்கிலிருந்து பெட்டாலிங் ஜெயா இருபதே நிமிடம் என்று தோன்றும். அதே வழியில் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குப் போய்ப் பாருங்கள், புரியும். வீடு பிடித்துவிட்டால், ஒரு வேலை நாளில் அங்கிருந்து அலுவலகம்வரை ஒரு முறை போய்வந்த பிறகு முன்பணம் கொடுங்கள். வழியில் எத்தனை டோல் சாவடி என்பதையும் எண்ணுங்கள். போக இரண்டு, வர இரண்டு என்றால் மாதம் இருபத்திரண்டு நாளுக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். வாடகையில் மிச்சம் பிடித்த நூறு வெள்ளி அதிலேயே கரைந்துவிடலாம். மோட்டார் சைக்கிளுக்குப் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் டோல் இல்லை என்றாலும், மழைக்கால மாலைகளில் அந்தப் பயணம் எப்படி இருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தால் நல்லது. காஜாங் எம்.ஆர்.டி. தடம் 2017 ஜூலையிலும், புத்ராஜெயா தடம் 2023 மார்ச்சிலும் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, முன்பு தூரம் என்று ஒதுக்கிய பல தாமான்கள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. மலேசியக் குடிமக்களுக்கு 'மை50' என்ற மாதச் சலுகை அட்டை இருக்கிறது. 50 வெள்ளி கட்டினால் ரேபிட் கே.எல். நடத்தும் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், பேருந்து எல்லாவற்றிலும் 30 நாள் பயணம் செய்யலாம். கிள்ளான், ரவாங், சிரம்பான் பக்கம் ஓடும் கே.டி.எம். கொமுட்டர் இதில் சேராது. அந்த வழியில் குடிவருபவர்கள் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

இன்னொன்று, விளம்பரத்தில் 'நிலையத்துக்கு 800 மீட்டர்' என்று இருக்கும். இடையில் ஒரு நெடுஞ்சாலை ஓடும், கடக்கப் பாலம் இருக்காது. ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெள்ளமும் தண்ணீரும் மறக்கக் கூடாதவை. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைவரை தண்ணீர் வந்ததையும், மக்கள் உதவிக்குக் காத்திருந்ததையும் நாம் பார்த்தோம். தரை வீடு எடுப்பவர்கள் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல், பக்கத்து வீட்டிலும் மூலைக்கடையிலும் "இங்கே தண்ணீர் ஏறியிருக்கா?" என்று கேளுங்கள். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆறு மாசடைந்ததால் கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் சில நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆகவே வீட்டில் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிரண்டு பெரிய பீப்பாயும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைக் கேட்டதும் மறுத்தால்

நம்மவர்கள் வெளியே சொல்லத் தயங்கும் விஷயம் ஒன்று உண்டு. வாடகை விளம்பரங்களில் குறிப்பிட்ட இனத்தவருக்கு மட்டும் என்று எழுதியிருப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். எழுதாதவர்களும் உண்டு. நான் இரண்டாவது முறை வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரர் தொலைபேசியில் எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில் பெயரைக் கேட்டார். சொன்னேன். "நேற்றே ஆள் வந்துவிட்டது" என்றார். அடுத்த வாரமும் அந்த விளம்பரம் அப்படியே இருந்தது.

வாடகைக் குடியிருப்புக்கென்று தனிச்சட்டம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பேசப்படுகிறது. அது வரும்வரை காத்திருந்தால் நமக்கு வீடு கிடைக்காது. நான் கடைப்பிடிப்பது இதுதான்: வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே "நாங்கள் இந்தியக் குடும்பம், நால்வர்" என்று சொல்லிவிடுவேன். அரை நாள் அலைச்சலும் மனக்கசப்பும் மிச்சம். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், முந்தைய வீட்டுக்காரர் கொடுத்த ஒரு கடிதம் இம்மூன்றையும் தயாராக வைத்திருப்பேன். தயங்கிய வீட்டுக்காரர் ஒருவர் அந்தக் கடிதத்தைப் படித்த பிறகே சம்மதித்தார். ஆகவே இப்போதிருக்கும் வீட்டைக் காலி செய்யும்போதே மறக்காமல் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்.

சாமி மேடையைப் பற்றியும் முன்னதாகவே பேசிவிடுவது நல்லது. சுவரில் ஆணி அடிக்கலாமா, துளையிடலாமா என்று கேட்டு, ஒப்பந்தத்திலும் எழுதிக்கொண்டால் காலி செய்யும்போது வைப்புத்தொகையில் பிடித்தம் என்ற பேச்சு வராது.

பணம் கட்டும் முன்

வாட்ஸ்அப்பில் அழகான படங்கள், சந்தை விலையைவிடக் குறைந்த வாடகை, "நிறைய பேர் கேட்கிறார்கள், இன்றே முன்பணம் அனுப்புங்கள்" என்ற அவசரம். இவை மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள். வெளியூரில் இருப்பவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். வீட்டை நேரில் பார்க்காமல், உங்களுக்காக வேறு யாரும் போய்ப் பார்க்காமல், ஒரு வெள்ளிகூட அனுப்ப வேண்டாம். வீட்டு முகவர் என்றால் அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, சொத்து முகவர்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். பணத்தை முகவரின் சொந்தக் கணக்கில் போடாமல் நிறுவனத்தின் கணக்கில் போடுங்கள். போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் உடனே 997ஐ அழையுங்கள்.

ஒப்பந்தத்தை வருமான வரி வாரியத்தின் வழி முத்திரையிடுவது முக்கியம். 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது. அதேபோல் 1950ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, வாடகைக்கு இருப்பவரை வெளியேற்ற வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்கிறது. பூட்டை மாற்றுவதற்கு அவருக்கு உரிமை இல்லை. குடிவரும் நாளில் ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். மின்சார, தண்ணீர் மீட்டர்களின் அன்றைய அளவும் அந்தப் படங்களில் இருக்கட்டும். பழைய பாக்கி உங்கள் தலையில் விழாது.

அடுக்குமாடி என்றால் நிர்வாக அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சாமான் ஏற்றி இறக்குவதற்கென்று நேரம் வைத்திருப்பார்கள், பல இடங்களில் அதற்கும் ஒரு முன்பணம் உண்டு.

பள்ளியைப் பார்த்த பிறகே வீடு

பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் தமிழ்ப்பள்ளியில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், பிறகு அதைச் சுற்றி வீடு தேடுங்கள். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும், புதிய தாமான்கள் எழும்பிய இடங்களிலெல்லாம் பள்ளி இல்லை. ஒரு பள்ளியில் வகுப்புகள் நிரம்பி வழியும், சற்றுத் தள்ளி இருக்கும் இன்னொரு பள்ளி மாணவர்களுக்குக் காத்திருக்கும். நேரில் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். பள்ளி வேன் உங்கள் தாமானுக்கு வருகிறதா, கட்டணம் எவ்வளவு என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். கூடுமானால் பள்ளியாண்டு தொடங்கும்போதே மாறுங்கள். நடுவில் மாறும் பிள்ளைக்குப் பாடத்தைவிட நண்பர்களைப் பிரிவதுதான் பெரிய சுமை.

இடைநிலைப்பள்ளி என்றால் தமிழ் வகுப்பு நடக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள். இல்லை என்று சொன்னால் அதோடு திரும்பிவிட வேண்டாம். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தில் இருக்கிறது. புதிதாக வந்த நீங்களே அந்தப் பதினைந்தாவது பெற்றோராக இருக்கலாம்.

முகவரி மாற்றம்

நிரந்தரமாகக் குடிபெயர்ந்தால் 30 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் மைகாட் முகவரியை மாற்ற வேண்டும். அதை மாற்றியதும் வாக்களிக்கும் தொகுதியும் மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாறாது. தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வங்கி, இ.பி.எஃப்., காப்புறுதி ஆகியவற்றையும் அதே வாரத்தில் முடித்துவிடுங்கள்.

கூட வரும் பெரியவர்கள்

நான் மிகவும் யோசித்துச் சொல்வது இதைத்தான். என் சின்னம்மா சுங்கை சிப்புட்டில் ஐம்பது ஆண்டு வாழ்ந்தவர். சித்தப்பா போன பிறகு மகள் அவரைப் பூச்சோங்கில் தன் 14ஆவது மாடி வீட்டுக்கு அழைத்துவந்தாள். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் ஊரில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே நான்கு வீட்டுக் கதை பேசியவருக்கு, இங்கே பேச ஆளில்லை. மகளும் மருமகனும் வர இரவு எட்டு மணி. இரண்டாம் மாதமே "என்னை ஊரில் விட்டுடு" என்றார்.

மகள் புத்திசாலி. வாதாடவில்லை. வெள்ளிக்கிழமை மாலை பக்கத்துக் கோயிலுக்கு அழைத்துப்போனாள். புதன்கிழமை பாசார் மாலாமுக்குத் தனியாகப் போய்வரும் வழியைக் காட்டிக்கொடுத்தாள். கோயிலில் பூக்கட்டும் அம்மாக்களோடு சின்னம்மாவுக்குப் பழக்கமானது. ஊர் வீட்டையும் விற்கவில்லை. ஈப்போவுக்கு இ.டி.எஸ். ரயில் இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய், ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறார். இப்போதும் ஊரைப் பற்றித்தான் பேசுகிறார். ஆனால் விட்டுவிடு என்று கேட்பதில்லை.

பெரியவர்களை அழைத்து வருபவர்கள் மருந்துச் சீட்டையும் சிகிச்சைப் பதிவுகளையும் பழைய கிளினிக்கிலிருந்து வாங்கிக்கொண்டு, குறைந்தது ஒரு மாத மருந்தோடு வாருங்கள். வந்த முதல் வாரமே பக்கத்து அரசாங்க சுகாதார கிளினிக்கில் பதிவு செய்துவிடுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்து இடையில் நிற்கக் கூடாது. வீடு தேடும்போதே நடந்துபோகும் தூரத்தில் ஒரு கோயிலோ, தமிழ் பேசும் மளிகைக் கடையோ இருக்கிறதா என்றும் பாருங்கள். வாடகை ஐம்பது வெள்ளி கூடுதலாக இருந்தாலும் அந்த வீட்டையே எடுங்கள்.

ஒன்று மட்டும் கடைசியாக. தீபாவளிக்கு ஊர் திரும்ப நினைப்பவர்கள், விற்பனை தொடங்கியதுமே ரயில் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். கே.எல்.லில் இருக்கும் நம்மவர் அத்தனை பேரும் அதே வாரத்தில்தான் புறப்படுகிறார்கள்.