கத்தரீன் சிற்றாலயம்: கல் கூறும் சாட்சி

பழைய கோவாவுக்குச் செல்வோர் பெரும்பாலும் பேராலயத்தையும், பிரான்சிஸ் சவேரியாரின் உடல் வைக்கப்பட்டுள்ள போம் ஜேசு ஆலயத்தையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். பேராலயத்திற்கு மேற்கே, அசிசி பிரான்சிஸ் ஆலயத்திற்கு அப்பால் நிற்கும் பரிசுத்த கத்தரீன் சிற்றாலயத்தை நாடுவோர் சிலரே. திருச்சபைச் சரித்திரம் கற்போர் முதலில் காணவேண்டியது அதுவேயாம்.

1510 நவம்பர் 25ஆம் நாள், அலெக்சந்திரியா கத்தரீனின் திருநாளன்று, போர்த்துக்கீசியத் தளபதி அல்புக்கர்க் பீஜப்பூர் சுல்தானின் ஆட்சியிலிருந்த இந்நகரைக் கைப்பற்றினார். அதன் நினைவாக எளிய சிற்றாலயம் ஒன்று எழுந்தது. 1534இல் போப்பு மூன்றாம் பவுல் அதற்குப் பேராலயத் தகுதி அளித்தார். 1550இல் ஆளுநர் ஜார்ஜ் கப்ரால் அதை விரிவாக்கினார். 1562இல் தொடங்கப்பட்ட இன்றைய பேராலயமும் கத்தரீன் பெயரையே தாங்குகிறது. சிற்றாலயம் 1952இல் புதுப்பிக்கப்பட்டது.

மறுமலர்ச்சிக் காலக் கட்டடக்கலையின் இலக்கணத்தை இங்கு எளிதில் கற்கலாம். செம்புரைக்கல் சுவர்கள், முகப்பின் இருமருங்கும் ஒத்த அளவில் சதுரக் கோபுரங்கள், உள்ளே அலங்காரமற்ற ஒரே கூடம், ஒரே பீடம். அருகிலுள்ள பிரான்சிஸ் ஆலயத்தின் பழைய வாயிலில் காணும் மனுவேல் பாணிச் செதுக்கல்களோடு ஒப்பிட்டால், சமச்சீரையும் அடக்கத்தையும் நாடிய புதிய மனப்பாங்கு தெளிவாகும்.

ஆயினும் நம்மை நிறுத்துவது கட்டட அழகன்று. 1550ஆம் ஆண்டின் கல்வெட்டே. அல்புக்கர்க் நகருக்குள் நுழைந்த வாயில் இவ்விடத்திலேயே இருந்தது என்று அது அறிவிக்கிறது. அந்நாட்களில் நகரத்து இஸ்லாமியர் பெருந்திரளாய்க் கொல்லப்பட்டதை அல்புக்கர்க்கே தம் அரசருக்கு எழுதினார். ஜெபவீட்டின் கல்லில் ஜெயஸ்தம்பத்தின் மொழி பொறிக்கப்பட்டிருக்கிறது. மிகுந்த இரத்தம் சிந்திய தாவீது ஆலயம் கட்டத் தடைசெய்யப்பட்டதை 1 நாளாகமம் 22ஆம் அதிகாரத்தில் வாசிக்கும் நாம், இதை எங்ஙனம் கடந்துசெல்வோம்?

இது பிறர் குறை என்று ஒதுங்கவும் நமக்கு இடமில்லை. 1718இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பிலும் டென்மார்க்கு அரசரின் முத்திரை விளங்குகிறது. அது போர் வெற்றியின் சின்னமன்று. எனினும் அரச ஆதரவின் அடையாளமே.

பள்ளிப்பட்டு போன்ற எல்லையூர்களில், தமிழும் தெலுங்கும் பேசும் பல சமயத்தார் நடுவே ஊழியஞ்செய்யும் குருமார் ஆலயங்களுக்கு அடிக்கல் நாட்டுகின்றனர். அக்கல்லில் யாருடைய பெயரைப் பொறிக்கிறோம், அதை வாசிக்கும் அயலார் என்ன உணர்வர் என்பதை முன்னரே சிந்திப்பது நலம். கல் நெடுங்காலம் பேசும்.