புதுக்குடித்தனமும் மின் மீட்டரும்

சேர்ந்து குடியேறினால் செலவு பாதியாகும் என்று கணக்குப் போடும் ஜோடிகள் மின் மீட்டரை மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2016இல் வந்த 100 யூனிட் இலவசம், ஆளுக்கு அல்ல, இணைப்புக்கு. தனித்தனி வீட்டில் இருந்தபோது இருவருக்கும் ஆளுக்கொரு 100. இப்போது இரண்டு பேருக்கும் ஒரே 100தான். இரவெல்லாம் ஏசி ஓடி, இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் இன்னும் வேடிக்கை. 501ஆவது யூனிட்டோடு நிற்காது. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையும் ஏறக்குறைய இருமடங்காகும்.

அட்வான்ஸ்? 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்வது மூன்று மாத வாடகை. ஆனால் ஒப்பந்தத்தில் கூடுதலாக ஒப்புக்கொண்டால் அதுதான் செல்லும். கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள். வாளி, துடைப்பம், கொடிக்கயிறு எல்லாம் தனிக் கணக்கு.