99 ஆண்டுக் குத்தகை வீடு

சென்ற அறுவடைக்குப் பின் பாகூர் கொம்யூனில் ஒரு சங்கத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்யச் சென்றிருந்தோம். பேரேட்டை மூடி எழும் சமயத்தில் மூத்த அங்கத்தினர் ஒருவர் வந்து, சங்கத்தில் தமக்குக் கடன் பாக்கி ஏதுமில்லை என்று சான்று வேண்டுமென்றார். காரணம் வினவினோம். ஏரிப் பாசனத்திலுள்ள இரண்டு காணி நஞ்சையை விற்கப்போவதாகச் சொன்னார். சிங்கப்பூரில் உத்தியோகத்திலிருக்கும் மகன் அங்கே அடுக்குமாடி வீடொன்று வாங்குகிறாராம், கைப்பணம் போதவில்லையாம்.

“விலைக்கு வாங்குவதாக மகன் எழுதுகிறான். காகிதத்தில் குத்தகை என்று போட்டிருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்துச் சொல்கிறது. இது கிரயமா, குத்தகையா, ஐயா?” என்று கேட்டார்.

கடல் கடந்து பிழைக்கச் சென்றோர் உள்ள குடும்பங்கள் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்தில் பல உண்டு. ஆகவே அவருக்குச் சொன்னதை அங்கத்தினர் அனைவருக்குமாக இங்கே விரித்து எழுதுகிறோம்.

அது குத்தகையே. சிங்கப்பூர் அரசு 1960-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்ற அமைப்பை ஏற்படுத்தியது. அந்நாட்டு மக்களில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் இக்கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளிலேயே வசிக்கின்றனர். 1964 முதல் இவ்வீடுகள் மக்களுக்கு விற்கப்பட்டு வருகின்றன. விற்பனை என்று பெயரே தவிர, மண் கைமாறுவதில்லை. கட்டடத்தின் ஒரு பகுதியில் 99 ஆண்டுகள் குடியிருக்கும் உரிமையே கைமாறுகிறது. தவணை முடிந்ததும் வீடு கழகத்துக்குத் திரும்பிவிடும்.

குத்தகை என்றதும் நம்மவர் மனத்தில் வருவது ஒரு போகத்துக்கோ ஓராண்டுக்கோ வாய்மொழியாகப் பேசிக்கொள்ளும் சாகுபடிக் குத்தகைதான். அதனோடு இதனை ஒன்றாக எண்ணிவிடக்கூடாது. இந்த நீண்ட குத்தகையை உரிய விதிகளுக்குட்பட்டு விற்கலாம். உரியவர் காலமானால் மீதமுள்ள ஆண்டுகள் வாரிசைச் சேரும். மாத வாடகை உயருமோ, நாளைக்கே காலி செய்யச் சொல்வார்களோ என்ற அச்சம் இல்லை. நமது நாட்டிலும் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் குத்தகையை வெறும் வாய்ப்பேச்சாகக் கருதுவதில்லை. குறித்த காலத்துக்கு அனுபவிக்கும் உரிமையின் மாற்றமென்றே அது சொல்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவுப் பத்திரத்தின் மூலமே ஏற்படவேண்டும் என்றும் விதிக்கிறது. (பத்திரமில்லாமல் பல்லாண்டுக் குத்தகை பேசும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் ஒழிந்தபாடில்லை. அதைப் பிறிதொரு சமயம் எழுதுவோம்.)

இத்தகைய வீட்டின் மதிப்பு சுவரிலும் தரையிலும் மட்டும் இல்லை. எஞ்சியுள்ள ஆண்டுகளிலும் இருக்கிறது. பெரியவரின் காகிதத்தை விரித்துப் பார்த்தோம். மகன் வாங்கவிருந்தது புது வீடன்று. வேறொருவரிடமிருந்து வாங்கும் பழைய வீடு. நிரந்தரவாசம் பெற்றவர்கள் கழகத்திடமிருந்து நேராகப் புது வீடு வாங்க இயலாது. மூன்றாண்டு நிரந்தரவாசத்துக்குப் பின் மறுவிற்பனை வீடே வாங்கலாம். அந்த வீட்டின் குத்தகை 1976-இல் தொடங்கியது. எனவே 2075-இல் முடியும். மகனுக்கு வயது 38, மருமகளுக்கு 34.

பணம் ஏன் போதவில்லை என்பதன் விடையும் இதிலேயே இருந்தது. அங்கே சம்பளத்தில் பிடித்து வைக்கும் மத்திய சேம நிதியிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுக்கலாம். ஆனால் 2019 மே மாதம் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, வாங்குவோரில் இளையவர் 95 வயதை எட்டும்வரை குத்தகை நீடிக்கவேண்டும். நீடிக்காவிட்டால் எடுக்கக்கூடிய தொகை அதற்கேற்பக் குறைக்கப்படும். 34 வயது மருமகள் 95-ஐ எட்ட இன்னும் 61 ஆண்டுகள் ஆகும். வீட்டுக்கு எஞ்சியிருப்பதோ ஏறக்குறைய 50 ஆண்டுகள். குறைந்துபோன தொகையைத்தான் தகப்பனாரின் நஞ்சையைக் கொண்டு நிரப்பப் பார்த்திருக்கிறார்கள். மகன் ஏமாற்றினார் என்று நாம் சொல்லவில்லை. இளைஞர்களுக்குத் தம் எண்பத்துநான்காம் வயது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

“தவணை முடிந்தால் அரசாங்கம் புதுப்பித்துக் கொடுக்காதா?” என்றார் பெரியவர். அப்படி நம்பியோர் அந்நாட்டிலேயே பலர். கேலாங் என்ற பகுதியில் 60 ஆண்டுக் குத்தகையில் 191 வரிசை வீடுகள் இருந்தன. இவை கழகத்தின் அடுக்குமாடி வீடுகளல்ல. எனினும் நிலம் அரசினுடையதே. 2020 டிசம்பர் 31-ஆம் தேதி தவணை முடிந்தது. இழப்பீடு ஏதுமின்றி நிலம் அரசுக்குத் திரும்பியது. பழைய கட்டடங்களை அரசு முன்கூட்டியே எடுத்துக்கொண்டு மாற்று வீடு தரும் திட்டம் 1995 முதல் உண்டென்றாலும், 5 சதவீத வீடுகளே அதற்குத் தகுதியானவை என்று அரசே கூறியுள்ளது. 2018-இல் அறிவித்த வேறொரு திட்டத்தில் குடியிருப்போர் வாக்களித்து வீட்டை முன்னதாக ஒப்படைக்கலாம். ஆனால் தொகை அவ்வளவு தாராளமாக இராது என்றும் அப்போதே சொல்லிவிட்டார்கள்.

கடமைகளைப் பற்றியும் கூறவேண்டும். வீட்டின் உட்புறத்தைச் செப்பமாக வைத்திருப்பது குடியிருப்போர் பொறுப்பு. மேல்வீட்டுத் தளத்திலிருந்து கீழ்வீட்டுக் கூரையில் நீர் கசிந்தால், ஆராய்ந்து பழுதுபார்ப்பது இரு வீட்டாரின் கூட்டுப் பொறுப்பு. அனுமதியின்றிச் சுவரை இடிக்கலாகாது. நிரந்தரவாசத்தில் உள்ளவர் முழு வீட்டையும் வாடகைக்கு விடவும் முடியாது. மீறி விட்டால் வீட்டையே கழகம் எடுத்துக்கொள்ளக்கூடும். மாடிப்படி, மின்தூக்கி, வெளிச்சுவர், விளக்கு ஆகிய பொது இடங்களை நகர மன்றம் பராமரிக்கிறது. அதற்கென மாதந்தோறும் கட்டணம் செலுத்தவேண்டும். கட்டணத்தில் ஒரு பகுதி பிற்காலப் பெரும்பழுதுகளுக்கென ஒதுக்கு நிதியில் சேர்கிறது. நமது சங்கங்கள் இலாபத்தில் ஒரு பங்கைக் காப்பு நிதிக்கு ஒதுக்குவது போன்றதே இது.

“வீடும் வாங்கி மாதாமாதம் வேறு கட்டுவதா?” என்று பெரியவர் முகம் சுளித்தார். பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலை யார் தூர்வாருவது என்று கேட்டோம். தண்ணீர் பாயும் நிலத்துக்காரர் எல்லோருடைய பொறுப்பும் என்றார். மாடிப்படியும் அவ்வாறே. சென்னைத் திருவொற்றியூரில் வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பொன்று 1993-இல் கட்டப்பட்டது. 2021 டிசம்பர் 27-ஆம் தேதி அதில் 24 வீடுகள் கொண்ட பகுதி இடிந்து வீழ்ந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்னரே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அதே ஆண்டில்தான் தமிழ்நாட்டு அரசு, குடியிருப்போர் சங்கம் அமைத்துப் பராமரிப்புத் தொகை வசூலிக்கவும், வசூலுக்கு ஈடாக அரசு தன் பங்கைச் சேர்க்கவும் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்ற திட்டத்தை வகுத்தது. கட்டுவதற்குப் பணம் ஒதுக்குவோர் காப்பதற்கும் ஒதுக்கவேண்டும் என்பது நமது துறையில் அன்றாடம் காணும் விஷயம்.

இறுதியாக, நாம் தற்செயலாகக் கேட்ட ஒன்றே பெரியவரை அதிகம் கலக்கிவிட்டது. ஊரிலுள்ள வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டோம். இரண்டாண்டுக்கு முன் மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்டு எழுதிப் பதிவு செய்துவிட்டதாகச் சொன்னார். கழக வீடு வாங்குவோருக்கு வேறு குடியிருப்பு வீடு இருத்தலாகாது என்ற கட்டுப்பாடு, வெளிநாட்டிலுள்ள வீட்டையும் 2010 ஆகஸ்டு முதல் தொடர்கிறது. 2022 செப்டம்பரில் காத்திருப்புக் காலமும் விதித்து அதைக் கடுமையாக்கினார்கள். இவ்விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆகையால் மகன் ஊர் வீட்டை மறைக்காமல் தெரிவித்து, தமக்கு எது பொருந்தும் என்று கழகத்திடமே எழுத்துமூலம் கேட்டறியவேண்டும்.

சான்று தர நமக்கு ஆட்சேபணை இல்லை. அவர் கணக்கில் பாக்கி கிடையாது. நஞ்சையை விற்பதும் வைத்திருப்பதும் அவர் விருப்பம். எனினும் கிரய ஒப்பந்தத்துக்கு முன்பணம் வாங்குமுன் மகனுக்கு மூன்று கேள்விகள் எழுதச் சொன்னோம்: எஞ்சிய ஆண்டு எத்தனை, சேம நிதியிலிருந்து கிடைப்பது எவ்வளவு, ஊர் வீட்டைப் பற்றிக் கழகம் சொல்வது என்ன. குத்தகைக் காலம் அதிகம் எஞ்சிய சிறிய வீடு கிடைக்குமா என்பதையும் நாமே ஒரு வரியாகச் சேர்த்தோம். பெரியவர் கடிதத்தில் கையொப்பமிட்டு, சான்றை மகனின் பதில் வரும்வரை சங்கத்திலேயே வைத்திருக்கும்படி காரியதரிசியிடம் கொடுத்துவிட்டுச் சென்றார்.