நூலகருக்குச் சூட்டும் மாலை

இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்தநாளான ஆகஸ்ட் 12, தேசிய நூலகர் நாளாக நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. தமிழ்நாடு அரசு அவர் பெயரிலேயே சிறந்த நூலகர்களுக்கு ஆண்டுதோறும் விருது வழங்கி வருகிறது. இது வரவேற்கத்தக்க மரபு. எனினும், ஒரு நூலகரின் தலைசிறந்த பங்களிப்பு என்று எதனைக் கொள்வது என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். பணிமூப்பும் பதவி நிலையும் மட்டுமே அதற்கு அளவுகோல் ஆகிவிடக் கூடாது.

இதற்கான விடை நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் செயலாளராகப் பொறுப்பேற்றவர், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த ரங்கநாதன். மறு ஆண்டே அச்சங்கம் நூலகர்களுக்கான கோடைகாலப் பயிற்சியைத் தொடங்கியது. 1931-இல் அப்பயிற்சியைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. உலகெங்கும் நூலக மாணவர்கள் இன்றும் பயிலும் நூலகவியலின் ஐந்து விதிகள் நூல் வடிவம் பெற்றதும் அதே 1931-இல்தான். அதனை வெளியிட்டதும் இச்சங்கமே. அவ்வாண்டு அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. பொறியாளர் கனகசபைப் பிள்ளை வடிவமைத்த அவ்வண்டி, நூலகத்தைத் தேடி வர இயலாத சிற்றூர் மக்களின் வாசலுக்கே நூல்களைக் கொண்டு சென்றது.

இம்முயற்சிகளின் தொடர்ச்சியாக 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். நூலகங்களுக்கென்று தனி வரி விதிக்கவும் அச்சட்டம் வழிவகுத்தது. பயிற்சி, பதிப்பு, வண்டி, சட்டம் ஆகிய எதுவும் தனியொருவரால் ஆனதல்ல. ஊர் அறியாத பலரின் உழைப்பு அவற்றின் பின்னால் இருந்தது. வாசகரை நூலிடமும், நூலை வாசகரிடமும் கொண்டுசேர்க்கும் வழியைப் புதிதாகத் திறந்து, தமக்குப் பின்னும் அது அடைபடாமல் பார்த்துக்கொண்டதே அவர்கள் செய்த பங்களிப்பு.

இந்த அளவுகோலை வடசென்னையில் பொருத்திப் பார்க்கலாம். தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. திருவொற்றியூரும் மணலியும் எண்ணூரும் நாட்டின் தொழில் வரைபடத்தில் நீண்ட காலமாக இடம்பெற்றிருப்பவை. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி வசூலிக்கப்படுகிறது. வீடுகளோடு தொழிற்கூடங்களும் கிடங்குகளும் இதற்குப் பங்களிக்கின்றன. ஆனால், கன்டெய்னர் லாரிகளின் நெரிசலையும் ஆலைப் புகையையும் சகித்து வாழும் இப்பகுதி மக்களுக்கு அமைதியாக அமர்ந்து படிக்க ஓர் இடம் கிடைப்பது எளிதன்று. ஓரறை வீட்டில் வாழும் மாணவருக்குக் கிளை நூலகத்தின் மேசைதான் படிப்பறை. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் மீனவர் வீட்டுப் பெண்ணுக்கும் அதுவே பயிற்சி நிலையம்.

இத்தகைய இடத்தில் பணியாற்றும் நூலகரின் உழைப்பு இரவல் பதிவேட்டில் முழுமையாகத் தெரிவதில்லை. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது ரங்கநாதனின் நான்காம் விதி. ஷிப்ட் முறையில் வேலை செய்யும் தொழிலாளி ஆலையிலிருந்து திரும்பும் வேளையில் நூலகம் பூட்டிக் கிடந்தால் அவ்விதி அவருக்குப் பயன்படாது. அதை உணர்ந்து வாசகர் வட்டத்தின் துணையோடு நேரத்தை மாற்றியமைக்க முயல்பவர், கடலோரக் குப்பத்துப் பிள்ளைகளை முதன்முறையாக உறுப்பினராக்குபவர், மழைநீர் புகும் கட்டடத்தில் நூல்களை மேலடுக்குக்கு மாற்றிக் காப்பவர் ஆகியோரே பாராட்டுக்கு முதலில் உரியவர்கள். அவர்களுடைய சேவையை அங்கு வரும் வாசகரைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை.

அமெரிக்காவில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1876-இல் தோன்றிய அமெரிக்க நூலகச் சங்கம், வாசகர்களே தங்கள் நூலகரைப் பரிந்துரைக்கும் விருதை 2008 முதல் வழங்கி வருகிறது. அந்த நூலகரால் தம் வாழ்வில் நேர்ந்த மாற்றத்தை வாசகர் எழுதி அனுப்புகிறார். அதுவே தேர்வுக்கு அடிப்படையாகிறது. நம் நூலகர் சங்கங்களும் இம்முறையைப் பின்பற்றலாம். நூலக உதவியாளர்களையும், தற்காலிகப் பணியாளர்களையும், ஊதியமின்றி உழைக்கும் வாசகர் வட்டத்தினரையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். விழாவைக் குளிரூட்டப்பட்ட அரங்கில் நடத்தாமல், விருதுபெறுபவர் பணியாற்றும் கிளை நூலகத்திலேயே நடத்தலாம். பதக்கத்தோடு அந்நூலகத்துக்குப் புதிய நூல்கள் வாங்க ஒரு தொகையையும் சேர்த்து அளித்தால், மாலை வாடிய பிறகும் அந்தச் சிறப்பு நிலைத்திருக்கும்.

சிறப்பு என்பது எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதை ரங்கநாதனே காட்டிச் சென்றிருக்கிறார். 1957-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, நூலகவியலுக்கென ஒரு பேராசிரியர் இருக்கை அமைய வழிசெய்தார். அதற்குத் தம் பெயரை மட்டும் சூட்டிக்கொள்ளாமல், மனைவி சாரதாவின் பெயரையும் முன்னிறுத்தினார்.

கொளத்தூரில் 2024-இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் போன்ற நவீன வாசிப்பு இடங்கள் வடசென்னையில் உருவாகத் தொடங்கியிருப்பது நல்ல அறிகுறி. ஆயினும், கட்டடத்தை நூலகமாக்குபவர் அங்கே அமர்ந்திருக்கும் நூலகரே. அவரைச் சிறப்பிப்பது அவர் தொண்டுக்கு நாம் செலுத்தும் நன்றி மட்டுமன்று. எத்தகைய நூலகம் நமக்கு வேண்டும் என்பதை அரசுக்கும் சமூகத்துக்கும் உரக்கச் சொல்வதும் ஆகும்.