சித்திரக்கதை வழியே ஆங்கிலம்

தேர்வில் ஆங்கிலத்தில் நன்மதிப்பெண் பெற்ற நம் கிராமப் பிள்ளைகள், மேற்படிப்பின் பொருட்டு அடையாற்றுக்கோ, வேலையின் பொருட்டுத் தியாகராய நகருக்கோ சென்றபின், ஆங்கிலத்தில் ஒரு வினாவிற்கு விடை கூற நாவெழாது நிற்கின்றனர். பெற்றோர் பலர் இதனை நம்மிடம் கூறி வருந்தியுள்ளனர். பிழை நேருமோ, பிறர் நகைப்பரோ என்னும் அச்சமே இதற்குப் பெருங்காரணம். அவ்வச்சத்தைப் போக்கும் எளிய வழியொன்றை ஈண்டு விளக்குவோம். பிள்ளைகள் குழுவாகக் கூடிச் சித்திரக்கதை ஆக்குவதே அது.

சித்திரக்கதை நமக்குப் புதிதன்று. சிவகாசியிலிருந்து 1972-ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸை இளமையில் படித்தோர் நம்மிடையே பலர் உளர். குழுவாகக் கற்பதும் புதிதன்று. 2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கப்பெற்ற செயல்வழிக் கற்றல், பின்னர் மாநிலம் முழுதும் பரவியது. பிள்ளைகள் தரையில் குழுவாக அமர்ந்து, அட்டைகளைக் கொண்டு கற்றனர். தாமே எழுதிப் பழகத் தாழ்வான கரும்பலகைகளும் அமைக்கப்பெற்றன.

செய்முறை வருமாறு: ஐந்து பிள்ளைகள் ஒரு குழு. தாளில் நான்கு கட்டங்கள் போதும். முதற்கட்டத்தில், மயிலாப்பூர்க் குளத்தருகே நம்மூர் மாணவன் நிற்கிறான். இரண்டாவதில், வெளிமாநிலத்தவர் ஒருவர் அவனிடம் அடையாற்றுக்கு வழி கேட்கிறார். மூன்றாவதில் அவன் தயங்குகிறான். நான்காவதில், "டேக் தி பஸ் ஃப்ரம் தட் ஸ்டாப்" என்கிறான். கதையைத் தமிழிலேயே கலந்து பேசலாம். உரையாடலை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுதல் வேண்டும். பேச்சுக் குமிழி சிறிதாதலின் வாக்கியமும் சிறிதாகும். பொருளில் பாதியைப் படமே உணர்த்திவிடும். முடிவில் ஆளுக்கொரு பாத்திரமாக உரக்கப் படித்தல் இன்றியமையாதது. அப்பொழுது பேசுபவன் கதைமாந்தனே. ஆதலின் பிள்ளைக்குக் கூச்சம் குறைகிறது.

இரண்டு எச்சரிக்கைகள் உள. நன்கு வரையும் பிள்ளையே எல்லாவற்றையும் செய்ய, கூச்சமுடையவன் வண்ணம் தீட்டுவதோடு நின்றுவிடக்கூடும். எனவே கதை கூறுதல், வரைதல், எழுதுதல், சரிபார்த்தல் ஆகிய பணிகளை வாரந்தோறும் மாற்றுக. பிழைகளைப் பென்சில் வரைவிலேயே திருத்துக. முடிந்த படத்தில் சிவப்பு மை வேண்டா. கோட்டுருவமே போதும், ஓவியத்திறன் தேவையன்று.

டில்லியை இருப்பிடமாகக் கொண்ட வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா என்னும் அமைப்பு, இரண்டு தாள்களை ஒட்டி, நான்கு கட்டக் கதையைச் சுவரொட்டியாக்கும் முறையைப் பொதுமக்களுக்குப் பயிற்றியுள்ளது. அதனை நாமும் பின்பற்றலாம்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் இதில் கடமை உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. அங்கே இதனை எடுத்துரைப்பீர். தாளும் பென்சிலும் பெருஞ்செலவல்ல. பிள்ளைகள் ஆக்கிய கதைகளை நூலகச் சுவரில் ஒட்டி, கிராம சபை நாளில் ஊரார்முன் படிக்கச் செய்வீர். சொந்த ஊரார் முன் ஒருமுறை வாய் திறந்த பிள்ளை, பட்டணத்தில் தலைகுனிந்து நில்லான்.