குழாய் இணைத்தால் கூலி சமமாகுமா?

இரண்டு பாத்திரங்களில் வெவ்வேறு உயரத்திற்குத் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு குழாயால் இணைத்தால் என்ன ஆகும்? சிறிது நேரத்தில் இரண்டிலும் நீர்மட்டம் சமமாகிவிடும். பௌதிக வகுப்பில் இதைப் பார்த்திருப்பீர்கள். நாடுகளை இவ்வாறு இணைத்தால் அவற்றின் கூலியும் சமமாகிவிடுமா?

இந்தச் சோதனையை ஐரோப்பா செய்து பார்த்திருக்கிறது. 1957-இல் ஆறு நாடுகள் ரோம் நகரில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. தங்களுக்குள் சுங்கவரியை நீக்கி, சரக்கும் மூலதனமும் தொழிலாளரும் தடையின்றிச் சென்றுவர வழி செய்வது அதன் நோக்கம். அது வளர்ந்து இன்று 27 நாடுகள் கொண்ட ஐரோப்பிய ஒன்றியமாகியிருக்கிறது.

மட்டம் சமமாயிற்றா? 2024 ஜனவரியில் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் லக்சம்பர்க்கில் 2571 யூரோ. பல்கேரியாவில் 477 யூரோ. ஐந்து மடங்குக்கும் மேல் வித்தியாசம்! பல்கேரியாவில் விலைவாசி குறைவு. அதைக் கணக்கில் சேர்த்தால் இடைவெளி வெகுவாகச் சுருங்கும், ஆனால் மறையாது.

காரணம் என்ன? ஒருவர் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மதிப்புள்ள பொருளை உண்டாக்குகிறார் என்பதே கூலியைப் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது. அது அவருடைய உழைப்பை மட்டும் பொறுத்ததல்ல. அவர் இயக்கும் இயந்திரம், பெற்ற பயிற்சி, அருகிலுள்ள ரயில்பாதை, துறைமுகம் எல்லாவற்றையும் பொறுத்தது. எல்லையைத் திறந்ததும் இவை இடம்பெயர்ந்து வந்துவிடுவதில்லை.

இங்கே இரண்டு விசைகள் எதிரெதிராக இழுக்கின்றன. கூலி குறைந்த இடத்தைத் தேடி முதலாளிகள் வருவது ஒன்று. தொழிற்சாலைகள் பெருகினால் தொழிலாளருக்குக் கிராக்கி ஏற்படும், கூலி உயரும். போலந்தைப் பாருங்கள். 2004-இல் அது ஒன்றியத்தில் சேர்ந்தபோது அதன் தலா வருமானம் ஒன்றியத்தின் சராசரியில் ஏறக்குறைய பாதி. இருபது ஆண்டுகளுக்குள் அது நான்கில் மூன்று பங்கைத் தாண்டிவிட்டது.

மற்ற விசையை விளக்கியவர் ஸ்வீடன் நாட்டுப் பொருளாதார அறிஞர் குன்னார் மிர்தால். ரோம் ஒப்பந்தம் உருவான அதே 1957-இல் அவருடைய நூல் வெளிவந்தது. தேர்ந்த தொழிலாளரும், உதிரிபாகம் செய்வோரும், வாங்குவோரும் ஏற்கனவே கூடியிருக்கும் இடத்தையே புதிய தொழிலும் நாடும். செழித்த ஊர் மேலும் செழிக்கும். பின்தங்கிய ஊரிலிருந்து பணமும் இளைஞர்களும் வெளியேறுவார்கள்.

அட்லசில் இத்தாலியைப் பாருங்கள். பூட்ஸ் போன்ற அந்த நாட்டின் கால் நுனியில் இருக்கிறது கலாப்ரியா. முதல் நாளிலிருந்தே ஒன்றியத்தில் இருக்கும் பகுதி இது. ஆயினும் அதன் தலா வருமானம் வடக்கே மிலான் நகரம் உள்ள லொம்பார்தியாவில் ஏறக்குறைய பாதிதான். பல தலைமுறை இளைஞர்கள் வடக்கே ரயிலேறிப் போய்விட்டார்கள். பல மலைக்கிராமங்களில் மிஞ்சியிருப்பவர்களில் முதியோரே அதிகம். ஒரே நாடு, ஒரே நாணயம், ஒரே சட்டம். இருந்தும் மட்டம் சமமாகவில்லை.

இதைச் சரிசெய்யவே 1975-இல் வட்டார வளர்ச்சி நிதி ஏற்படுத்தப்பட்டது. தலா வருமானம் சராசரியில் 75 சதவிகிதத்துக்கும் குறைந்த பகுதிகளுக்கு அதிக உதவி கிடைக்கிறது. ஒன்றியத்தின் வரவு செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இத்தகைய பணிகளுக்கே போகிறது.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். சரக்கு லாரி ஊருக்குள் வரப் போட்ட அதே சாலையில்தான் இளைஞர்கள் ஊரைவிட்டுப் போகவும் முடியும். சாலையோடு பள்ளியும் பயிற்சியும் உள்ளூரிலேயே வேலையும் வந்தால்தான் அவர்கள் தங்குவார்கள். தண்ணீர் தானாகவே மட்டம் தேடும், கூலி தேடாது.